மெஷ் வைஃபைக்கு வயர்: மாடிக்கு எந்த வழியாகக் கொண்டுபோவது?

எங்கள் வீடு மதுரையில், 1998இல் அப்பா கட்டியது. கீழே ஹால், சமையலறை, இரண்டு படுக்கையறை. மேலே இரண்டு அறை. அதற்கும் மேலே மொட்டைமாடியில் ஓர் ஒற்றை அறை. சுவரெல்லாம் ஒன்பது இன்ச் செங்கல், நடுவில் கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளம். ஃபைபர் கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர் வாசல் ஜன்னல் வழியாக வயரை உள்ளே விட்டு, செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே மோடத்தை மாட்டிவிட்டுப் போனார். அவருக்கு அதுதான் பக்கம். கீழே ஹாலில் 200 எம்பிபிஎஸ் அப்படியே வந்தது. மாடியில் மகள் அறையில் 12.

சரி என்று மூன்று நோடு கொண்ட மெஷ் செட் ஒன்று வாங்கினோம். வீட்டில் பரப்பி வைத்தால் தங்களுக்குள் பேசி ஒரே வைஃபையாக வேலை செய்யும் பெட்டிகள் அவை, ஒவ்வொரு பெட்டியும் ஒரு நோடு. மாடியில் போனில் வைஃபை கோடு முழுதாக நின்றது. வேகம் மட்டும் 40ஐத் தாண்டவில்லை. கீழே யாராவது டிவியில் படம் போட்டால் மேலே மகளின் ஆபீஸ் மீட்டிங் உறைந்துபோகும். மெஷ் வாங்கிய பலரும் குழம்புவது இங்கேதான். போனில் தெரியும் கோடு, போனுக்கும் பக்கத்து நோடுக்கும் இடையிலான நிலவரம். அந்த நோடு கீழே உள்ள முதல் நோடோடு எப்படிப் பேசிக்கொள்கிறது என்பது அந்தக் கோட்டில் தெரியாது. அந்த இரண்டாவது பாதைக்குத்தான் பேக்ஹால் என்று பெயர். விலை குறைந்த இரட்டை பேண்ட் (2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை) செட்டுகளில் போனோடு பேசுவதும் முதல் நோடோடு பேசுவதும் ஒரே 5 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோ. வாங்கியதை அதே சேனலில் திரும்பச் சொல்ல வேண்டும், அதனால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். கான்கிரீட் தளம் தின்பது அதற்கு மேல்.

இந்தப் பாதையை வயரில் கொண்டுபோனால் பிரச்சினை தீரும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எந்த வயர், எந்த வழி என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. இரண்டு மாதம் இதே வேலையாகத் திரிந்தேன். கொஞ்சம் என் வீட்டில் பார்த்தது, கொஞ்சம் சொந்தக்காரர் வீடுகளில் பார்த்தது.

வயர் போடுவதற்கு முன்னால்

காசு செலவழிக்கும் முன் நோடுகளை இடம் மாற்றிப் பாருங்கள். கான்கிரீட் தளத்தில் ஒரே ஒரு பெரிய ஓட்டை உண்டு, அது மாடிப்படி. முதல் நோடைப் படிக்கட்டின் அடியிலும், இரண்டாவதைப் படி திரும்பும் இடத்து மேடையிலும் வைத்தேன். 40 என்றிருந்தது 85 ஆனது. அதற்கு முன்பு அந்த நோடு இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று பேண்ட் செட் என்றால் பேக்ஹாலுக்கென்று தனி ரேடியோ இருக்கும். அதுவும் நல்ல வழிதான். இந்தியாவில் 2018இல் 5 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமம் தேவையில்லாமல் திறந்துவிடப்பட்டது, சேனலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எத்தனை ரேடியோ இருந்தாலும் தளம் தளம்தான். வாடகை வீடு, சுவரில் ஆணி அடித்தாலே ஓனர் முகம் மாறுகிறது என்றால் இதோடு நின்றுவிடலாம். படம் பார்க்க, பாடம் கேட்க 85 தாராளம். வேகத்தை விட எங்களைப் படுத்தியது அது ஏறி இறங்கியதுதான். வீடியோ மீட்டிங்கில் உட்காருகிறவருக்கு நிலையாக வரும் 30, தள்ளாடும் 85ஐ விட மேல்.

செம்பு வயர்

மற்ற எல்லாவற்றையும் இதோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். கேட் நம்பர் என்பது நெட்வொர்க் வயரின் தர வகை. கேட்5இ வயரே 100 மீட்டர் வரை ஒரு ஜிகாபிட்டைச் சிரமமில்லாமல் கொண்டுபோகும், 2.5 ஜிகாபிட்டையும் தாங்கும். கேட்6 என்றால் 55 மீட்டர் வரை 10 ஜிகாபிட். நம் வீடுகளில் ஒரு நோடிலிருந்து இன்னொரு நோடுக்கு 30 மீட்டர் வந்தாலே அதிகம். விலை வித்தியாசம் பெரிதில்லை என்பதால் கேட்6 வாங்குங்கள். கேட்7, கேட்8 என்று கடைக்காரர் ஏற்றிக்கொண்டே போனால் சிரித்துவிட்டு வந்துவிடலாம்.

கவனிக்க வேண்டியது நம்பர் இல்லை, உள்ளே இருக்கும் உலோகம். அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பு பூசிய வயரும் கேட்6 என்ற அச்சோடு கிடைக்கிறது. பெட்டியைத் தூக்கினாலே தெரியும், சந்தேகப்படும் அளவுக்கு லேசாக இருக்கும். இன்னும் உறுதி வேண்டுமானால் ஒரு முனையை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். குழாய்க்குள் இழுக்கும்போது அது வளைவில் ஒடியும், வயர் வழியாகவே கரண்ட் அனுப்பும் சாதனம் வைத்தால் சூடாகும். முழுச் செம்பு என்று கேட்டு, சுரண்டிப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் கோபித்தால் அடுத்த கடை.

அப்புறம், வழி. என் கதை திரும்பியது இங்கேதான். 1998 லேண்ட்லைன் காலம். ஹாலிலிருந்து மாடி அறைக்கு எக்ஸ்டென்ஷன் போன் வேண்டும் என்று அப்பா தனியாக ஒரு முக்கால் இன்ச் குழாய் போட வைத்திருந்தார். மேஸ்திரி வேண்டாம் என்றாராம், இவர் கேட்கவில்லை. போன் போய்ப் பல வருஷமாகிறது. ஒரு மூலையில் பெயின்ட் அடித்து மூடிய சின்ன சதுரப் பெட்டி மட்டும் மிச்சம். பெயின்டைக் கீறித் திறந்தால் உள்ளே பழைய டெலிபோன் வயர், மேலே அதே வயரின் மறுமுனை.

எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் முதலில் செய்தது, கீழே அந்த வயரைப் பிடித்து லேசாக இழுத்தது. மேலே நின்ற மகள், “ஆடுதுப்பா” என்றாள். அந்த ஒரு சொல்லில் பாதி வேலை முடிந்தது. சில வீடுகளில் டெலிபோன் வயரைக் குழாய் இல்லாமலே பூச்சுக்குள் புதைத்திருப்பார்கள். அது அசையாது. உங்கள் வீட்டில் முதலில் செய்ய வேண்டிய சோதனையும் இந்த இழுப்புதான்.

கேட்6க்குள் இரண்டிரண்டாக முறுக்கிய நாலு ஜோடிக் கம்பி இருக்கும். பழைய வயரின் முனையில் அதில் இரண்டு ஜோடிகளை மட்டும் சுற்றி, மற்ற இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக வெட்டிச் சரிவாக்கி, இன்சுலேஷன் டேப்பை இறுக்கிச் சுற்றினார். நுனி பென்சில் மாதிரி ஆனது. அதில் முகப் பவுடரைத் தடவி, “சார், நீங்க கீழே இருந்து மெதுவா ஊட்டி விடுங்க, நான் மேலே இழுக்குறேன்” என்று படியேறினார். எட்டு மீட்டர்வரை வழுக்கிக்கொண்டு போனது, ஒரு முழங்கை வளைவில் நின்றுவிட்டது. நான் பலம் கொடுக்கப் போனேன். மேலேயிருந்து சத்தம்: “பலம் கொடுக்காதீங்க சார், பின்னால விடுங்க, திருப்பித் தள்ளுங்க.” அவர் சொன்னது சரி. இந்த வயரை ஏறக்குறைய 11 கிலோ விசைக்கு மேல் இழுக்கக் கூடாது. இழுத்தால் உள்ளே ஜோடிகளின் முறுக்கு கலைந்து, வெளியே பார்க்க நன்றாக இருந்தும் வேகம் வராது. நாலைந்து முறை முன்னும் பின்னும் ஆட்டியதில் வளைவைத் தாண்டியது. இருபது நிமிஷம்.

இதற்கு நடுவில் அவர் இன்னொரு யோசனையும் சொன்னார்: மொட்டைமாடி அறைக்கு லைட் வயர் போகும் குழாயிலேயே இன்னொரு வயரையும் சேர்த்து விட்டுவிடலாம் என்று. பலர் வீட்டில் அப்படித்தான் கிடக்கிறது. நான் மறுத்துவிட்டேன். இரைச்சல் வரும் என்பதெல்லாம் இரண்டாவது. இழுக்கும்போது கரண்ட் வயரின் தோல் ஓர் இடத்தில் உரிந்தால் 230 வோல்ட் நேராக நெட்வொர்க் வயருக்கு வரும், அங்கிருந்து நீங்கள் தொடும் பெட்டிக்கு. குழாய் தனியாக இல்லையென்றால் சுவர் மேலேயே கேசிங் பட்டி அடித்துக்கொள்ளலாம். அழகு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

வெளிச்சுவர் வழி

குழாயும் இல்லை, பட்டியும் பிடிக்கவில்லை என்றால் மிச்சமிருப்பது வெளிச்சுவர். கீழ் ஹால் ஜன்னல் பக்கம் ஒரு ஓட்டை, சன்ஷேடுக்கு அடியில் ஒட்டி மேலே போய், மாடி அறையில் இன்னொரு ஓட்டை. என் அத்தான் வீட்டில் இப்படித்தான் செய்தோம். ஓட்டையை உள்ளிருந்து வெளியே சற்றுச் சரிவாகப் போட வேண்டும், இல்லையென்றால் மழைத் தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே அறைக்குள் வரும். வயர், வெளியில் போடுவதற்கென்றே வரும் கறுப்பு உறை உள்ளதாக இருக்க வேண்டும். உள்ளே போடும் சாம்பல் நிற வயர் நம் வெயிலில் சில வருஷத்தில் வெடித்துப் பொடியாகும். அதற்குள் அணில் கடிக்காமல் இருந்தால் அதிர்ஷ்டம். குழாய்க்குள் விட்டால் அணிலுக்கும் வெயிலுக்கும் சேர்த்துப் பதில்.

இடிக்குத்தான் பதில் சொல்வது கஷ்டம். சித்திரை வைகாசி கோடை மழையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இடி விழும்போது நேராக வீட்டில் விழ வேண்டியதில்லை. பக்கத்தில் எங்கோ விழுந்தாலே வெளியே நீளமாகக் கிடக்கும் செம்பு வயரில் மின்னழுத்தம் தூண்டப்படும், இரண்டு முனையிலும் போர்ட் போய்விடும். ஒரே சுவரை ஒட்டிப் பத்து மீட்டர் ஏறுவது என்றால் இந்த ஆபத்தை ஏற்றுக்கொள்ளலாம். இரண்டு கட்டடங்களுக்கு இடையே, அதாவது முன்வீட்டிலிருந்து பின்வீட்டுக்கு அந்தரத்தில் போவது என்றால் செம்பு வேண்டாம்.

அந்த இடத்துக்கு ஃபைபர். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது, இடி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக வழியில்லை. ஃபைபரின் ஒளியை நெட்வொர்க் வயருக்கு மாற்றிக் கொடுக்கும் மீடியா கன்வெர்ட்டரை இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வைத்தால் போதும். ஃபைபர் முனையை உருக்கி ஒட்ட ஆள் வேண்டுமே என்று பயப்பட வேண்டாம், முனை போட்டே விற்கும் வயரை நீளம் சொல்லி வாங்கலாம். இரண்டு எச்சரிக்கை மட்டும். பச்சை நிறக் கனெக்டரையும் நீல நிறக் கனெக்டரையும் சேர்த்து மாட்டக் கூடாது. பச்சையின் முகம் சாய்வாக வெட்டியது, இரண்டும் பொருந்தாது. அந்தரத்தில் தொங்கவிடும் ஃபைபர் வயரில் தாங்குவதற்கென்று இரும்புக் கம்பி ஒன்று ஓடும், அதை வீட்டுக்குள் கொண்டுவராமல் வெளியிலேயே வெட்டி நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடி போட்டதற்கே அர்த்தமில்லை.

ஒரே வீட்டுக்குள் மாடிக்கும் கீழுக்கும் ஃபைபர் போடுவது எனக்கு வீண் வேலையாகத்தான் படுகிறது. கரண்ட் பாயின்ட் இரண்டு கூடுதல், பழுதாக இரண்டு பெட்டி கூடுதல்.

ஏற்கனவே இருக்கும் வயரிலேயே

சுவர் பிளக்கில் செருகும் பவர்லைன் ஜோடி, கேட்டால் கனவு மாதிரி இருக்கும். கீழே ஒன்று, மேலே ஒன்று, கரண்ட் வயரே நெட்வொர்க் வயர். பெட்டியில் 1000 என்று போட்டிருக்கும், அது இரண்டு திசையையும் கூட்டி, ஆய்வகத்து நிலையில் சொல்லும் கணக்கு. 600 என்று போட்ட சில மாடல்களில் வயர் மாட்டும் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். சித்தப்பா வீட்டில் மாட்டிப் பார்த்தோம், 30 வந்தது. அவர் வீடு த்ரீ பேஸ். கீழ்ப் பிளக் ஒரு பேஸிலும் மாடிப் பிளக் வேறு பேஸிலும் இருந்தன. சிக்னல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் போக வேண்டும். சமையலறையில் மிக்ஸி ஓடினால் 30 என்பது 8 ஆனது. மிக்ஸி மோட்டாரின் கார்பன் பிரஷ் தீப்பொறி தெறிக்கும்போது வரும் இரைச்சல், பவர்லைன் பயன்படுத்தும் அதே அலைவரிசையில் விழுகிறது. சட்னி அரைக்கும் நேரத்தில் மீட்டிங் வைக்கக் கூடாது என்று சித்தி சிரித்தார்.

இன்வெர்ட்டர் இருக்கும் வீடு என்றால் இன்னொரு சிக்கல். ஒரு பிளக் இன்வெர்ட்டர் லைனிலும் மற்றது நேர் லைனிலும் இருந்தால் நடுவில் இன்வெர்ட்டர் நிற்கிறது. கரண்ட் போனால் ஒரு பக்கம் உயிரோடும் மறுபக்கம் செத்தும் கிடக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினாலும் வேகம் விழும். வாங்குவதாக இருந்தால் திருப்பிக் கொடுக்க முடிகிற கடையில் வாங்கி, உங்கள் வீட்டில் மாட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். எந்த விமர்சனத்தைப் படித்தும் பயனில்லை, ஒவ்வொரு வீட்டு வயரிங்கும் ஒரு மாதிரி.

கேபிள் டிவி வயரில் ஓடும் மோக்கா என்ற முறையை அமெரிக்கக்காரர்கள் புகழ்வதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் புகழ்வது நியாயம், அறைக்கு அறை கோஆக்ஸ், அதாவது கேபிள் டிவி வயர், போட்ட வீடுகள் அவர்களுக்கு உண்டு. மோக்கா 2.5 என்ற பதிப்பு வேகத்தில் நெட்வொர்க் வயருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். நமக்கு ஹால் டிவிக்கு ஒரு வயர், அத்தோடு சரி. அதுவும் டிஷ் ஆன்டெனா வயர் என்றால் தொடவே கூடாது. டிஷ் வயரில் ஓடுவது 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ், மோக்கா ஓடுவது 1125 முதல் 1675 வரை. ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடாப்டரும் நம் ஊர்க் கடைகளில் கண்ணில் படுவது அபூர்வம். மாடிக்குக் கேபிள் டிவி வயர் குழாய் வழியாகப் போயிருக்கிறது, இப்போது பயன்பாட்டில் இல்லை என்றால் மிக நல்லது. அதை இழுப்புக் கயிறாக வைத்து கேட்6ஐ உள்ளே விட்டுவிடுங்கள்.

மாட்டிய பிறகு

வயர் போட்டால் தானாக எல்லாம் நடக்கும் என்று நினைத்து ஒரு ராத்திரி தூக்கம் போனது. மாடிக்குப் போகும் வயரை நான் ஃபைபர் மோடத்தின் பின்னால் காலியாக இருந்த போர்ட்டில் செருகிவிட்டேன். முதல் நோடு ரூட்டராக வேலை செய்யும் செட்டில் அது தப்பு. மோடம், அதற்குப் பிறகு முதல் நோடு, அதற்குப் பிறகுதான் மற்ற நோடுகளுக்குப் போகும் வயர். போர்ட் போதாவிட்டால் முதல் நோடுக்குப் பின்னால் ஒரு சாதாரண ஐந்து போர்ட் ஜிகாபிட் சுவிட்ச். மோடமே ரூட்டராக இருக்கட்டும், மெஷ்ஷை வைஃபை மட்டும் கொடுக்கும் ஆக்சஸ் பாயின்ட் முறையில் போட்டுக்கொள்கிறேன் என்றால் பல செட்டுகளில் இந்த வரிசை அவ்வளவு கட்டாயமில்லை.

வாங்கும் முன் நோடின் பின்பக்கத்தையும் பாருங்கள். கூகுளின் பழைய நெஸ்ட் வைஃபை பாயின்டில் வயர் மாட்ட ஓட்டையே கிடையாது. டிபி-லிங்கின் டெகோ இ4 மாதிரி விலை குறைந்த செட்டில் போர்ட் உண்டு, 100 எம்பிபிஎஸ். 100 பிளான் வைத்திருப்பவருக்கு அது போதும், 200 வைத்திருப்பவருக்கு வயர் போட்டும் பாதிதான்.

எங்கள் செட்டில் ஜிகாபிட் போர்ட். எல்லாம் சரியாக மாட்டியும் மாடியில் 93 வந்தது. மறுபடி 93, மறுபடி 93. இப்படி அசையாமல் 94க்குக் கீழே ஒட்டிக்கொண்டு நின்றால் வைஃபையைத் திட்ட வேண்டாம், வயரைப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ்க்கு நாலில் இரண்டு ஜோடி போதும். ஜிகாபிட்டுக்கு நாலும் வேண்டும். ஒரு ஜோடி சரியில்லையென்றால் பல சாதனங்கள் சத்தம் போடாமல் 100க்கு இறங்கிக்கொள்ளும். போன் டார்ச்சை அடித்து வயர் முனையில் இருக்கும் ஆர்ஜே45 பிளக்கின் தெளிவான பிளாஸ்டிக் வழியாகப் பார்த்தேன். ஏழு வயரும் நுனிவரை போய் முட்டியிருந்தன, கடைசியில் இருந்த பழுப்பு மட்டும் ஒரு மில்லிமீட்டர் குட்டை. வெட்டிவிட்டு மறுபடி வரிசை கட்டினோம்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையும் இதே வரிசை. கிரிம்பிங் டூல் நறுக்கென்று கடித்தது. 198.

அப்படியானால் யாருக்கு எது?

வாடகை வீடு, ஒரே தளம்: வயர் வேண்டாம், நோடை நகர்த்துங்கள். சொந்த வீடு, மாடி உண்டு: எல்லா நோடுக்கும் வயர் போடத் தேவையில்லை, தளத்தைத் தாண்டும் அந்த ஒரு வயர் போதும். எங்கள் வீட்டில் மூன்றாவது நோடு இன்னும் வயரில்லாமல்தான் பேசுகிறது, அது கீழே சமையலறையில் இருப்பதால் குறையில்லை. பழைய வீடு, குழாய் இல்லை: கேசிங் பட்டி, அதற்குப் பிறகு வெளிச்சுவர். இரண்டு கட்டடம்: ஃபைபர், யோசிக்கவே வேண்டாம். பவர்லைன் எல்லா வழியும் அடைந்த பிறகு.

வீடு இப்போதுதான் கட்டுகிறீர்கள் என்றால் மெஷ் செட்டே வாங்காதீர்கள் என்பேன். ஒவ்வொரு தளத்திலும் கூரை நடுவுக்கு ஓர் இன்ச் குழாய் தனியாகப் போட்டு, முழுச் செம்பு கேட்6 விட்டு, கூரையில் மாட்டும் ஆக்சஸ் பாயின்ட் வையுங்கள். வயரிலேயே கரண்டும் போகும் பிஓஇ முறையில் அவை ஓடும். சுவிட்ச் இருக்கும் இடத்துக்கு மட்டும் இன்வெர்ட்டர் லைன் கொடுத்தால் கரண்ட் போனாலும் வீடு முழுக்க நெட் இருக்கும். மெஷ் செட்டில் ஒவ்வொரு நோடுக்கும் இன்வெர்ட்டர் பிளக் தேட வேண்டும். எங்கள் மாடி அறையில் அது இல்லாமல், வயர் போட்ட முதல் வாரமே மின்தடையில் நோடு அணைந்து, மகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தாள். பிறகு ரூட்டருக்கென்று வரும் சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்கி வைத்தோம்.

மொட்டைமாடி அறைக்கு வயர் இன்னும் போகவில்லை. அப்பாவின் குழாய் மாடியோடு நின்றுவிடுகிறது, மேலே போக வெளிச்சுவர்தான் வழி, மழை முடியட்டும் என்று விட்டிருக்கிறேன். கேட்6ஐ இழுத்த அன்றைக்கே எலக்ட்ரீஷியன் அதோடு சேர்த்து ஒரு நைலான் கயிறையும் குழாய்க்குள் விட்டு, இரண்டு முனையையும் பெட்டிக்குள் சுருட்டி மூடிவிட்டார். “அடுத்த வயருக்கு சார்” என்றார்.